போகும் உரிமையும் இருக்கும் உரிமையும்

பொதுவுடைமை ஆட்சியைக் கைவிட்ட ஐரோப்பிய தேசங்களைப் பற்றிப் பேசுவோர், அங்கே அரசியல் மாறியதையும் அங்காடிகள் நிறைந்ததையும் விரித்துரைப்பர். அங்கிருந்த ஜனங்கள் எங்கே போயினர் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

1961-இல் பெர்லின் நகரில் சுவர் எழுப்பியது, பிரஜைகள் வெளியேறாமல் தடுப்பதற்காகவே. குடிகளைச் சிறைவைத்துக் காக்க வேண்டிய ஆட்சி நல்லாட்சியாகாது. 1989-இல் அச்சுவர் வீழ்ந்தது நியாயமே. ஆனால் பின்னர் நிகழ்ந்ததென்ன? கிழக்கு ஜெர்மனியின் அரசுடைமைத் தொழில் நிலையங்கள் 8,000-க்கு மேற்பட்டவை ஒரே ஸ்தாபனத்தின் வசம் ஒப்புவிக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவற்றுள் பெரும்பாலானவை விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. வேலையிழந்தோர், விசேஷமாக வாலிபரும் யுவதிகளும், மேற்கே சென்றனர். 1989-இல் சுமார் 90 லட்சமாயிருந்த பல்கேரியாவின் ஜனத்தொகை, 2021-ஆம் வருஷக் கணக்கில் 65 லட்சமாயிற்று. லாட்வியாவில் 27 லட்சம் 19 லட்சமாயிற்று. பிறப்புக் குறைந்ததும் ஒரு காரணமே. ஆயினும் பிழைப்புத் தேடிப் பரதேசம் சென்றோர் தொகை பெரிது. போகும் உரிமை வந்தது. இருந்து வாழ வழி போயிற்று.

இது தூர தேசத்துச் சங்கதி என்று அரியாங்குப்பத்து வாசகர்கள் அலட்சியம் செய்யலாகாது. அவ்வூரை அடுத்த அரிக்கமேட்டில் முற்காலத்தில் மணிகள் செய்தும் ரோமாபுரியுடன் வாணிபம் நடத்தியும் ஜனங்கள் செழித்திருந்தனர். தொழில் போயிற்று, மேடு மிஞ்சிற்று. நம் காலத்துச் சான்று புதுவை நகரின் பஞ்சாலைகள். 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 தொழிலாளர் உயிர் நீத்தனர். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அப்போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா கம்யூனிஸ்டு. அவரது கொள்கை நமக்கு உடன்பாடன்று. அவர் பெற்றுத் தந்த பலனை மறுப்பது நன்றி மறத்தலாகும். அவ்வாலைகளுள் 1898-இல் தோன்றி, பிற்காலத்தில் சர்க்கார் உடைமையான ரோடியர் மில் 2020 ஏப்ரல் 30-உடன் மூடப்பட்டது.

நஷ்டத்தில் ஓடும் ஆலையை என்றென்றும் வரிப்பணத்தால் நடத்த வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. ஆலையை மூடுபவர் அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு தொழிலைக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே நமது அபிப்பிராயம். தொழிலாளருக்குரிய பாக்கி முழுவதும் தீர்க்கப்பட வேண்டும். ஆலை நிலத்தில் கைகளுக்கு வேலை தரும் தொழிலே எழ வேண்டும். வேடிக்கை பார்க்க வருவோருக்கான விடுதிகள் அதற்கு ஈடாகா. கிழக்கு ஐரோப்பா இந்தப் பாடத்தை ஊர்களை இழந்த பிறகு கற்றது. நமக்கு அவகாசம் இன்னும் இருக்கிறது. சர்க்கார் விழித்துக்கொள்வார்களா?