மரியாளின் கால்கள்

கடவுளின் தாய் சாகலாமா? சாகலாம், ஆனால், செத்தவளைப் போல இருக்கக் கூடாது!

ரோமாபுரியில் 400 ஆண்டுகளுக்கு முன் சில துறவிகள் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். 1601-இல் கெருபினி என்ற வழக்கறிஞர், கார்மெல் சபையார் கோயிலுக்கென்று ஒரு பீடச் சித்திரம் எழுதித் தரும்படி கரவாஜியோவைக் கேட்டுக்கொண்டார். விஷயம், மரியாளின் மரணம். ஓவியன் மரணத்தையே எழுதிவிட்டான்.

உடல் உப்பியிருக்கிறது. வெறுங்கால்கள் கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடக்கின்றன. சீடர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். மக்தலேனாள் மடியில் முகம் புதைத்து அழுகிறாள். அவள் காலடியில் ஒரு செப்புப் பாத்திரம். இறந்தவளின் தலையைச் சுற்றி மயிரிழை போல் ஓர் ஒளிவட்டம், அவ்வளவுதான். வானம் திறக்கவில்லை.

துறவிகள் படத்தை வேண்டாமென்றார்கள். உப்பிய உடலும் வெறுங்காலும் ஆகாதாம். அந்தச் சபைக்குப் பெயரே 'காலணி துறந்தோர்' என்பதுதான்!

ஒரு தாசியைப் பார்த்து எழுதினான் என்ற பேச்சும் எழுந்தது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கதை எழுதுகிற என்னிடமும், "இவள் யார், எந்தத் தெருக்காரி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கதை வேண்டாம், விலாசம் வேண்டும். தாசி என்றே வைத்துக்கொள்வோமே! தாசியிடம் மரியாளைக் கண்டவன் பாவியா, மரியாளிடமும் தாசியையே தேடியவர்கள் பாவிகளா?

மரியாள் உடலோடு விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நான் இகழவில்லை. ஆனால், அதற்கு முன்னால் ஒரு வீடும், ஒரு கட்டிலும், சுற்றி நின்று அழுதவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? வானம் மூடிக்கிடக்கும்போதும் அவள் பக்கத்தை விட்டு நகராமல் நிற்கிறார்களே, அது பக்தி இல்லையென்றால் வேறு எது பக்தி?

பிறகு அங்கே கார்லோ சராசெனியின் படம் ஏறியது. அதில் மரியாள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறாள், மேலே தேவதூதர்கள். அழகான படந்தான். சாவுதான் அதில் இல்லை.

தள்ளிய படத்தின் அருமை ஓவியர் ரூபென்ஸுக்குத் தெரிந்தது. அவர் யோசனைப்படி 1607-இல் மாண்டுவா பிரபு அதை வாங்கினார். ஊரைவிட்டுப் போகுமுன் ஒரு வாரம் ரோமாபுரி ஓவியர்கள் வந்து பார்த்தார்களாம். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த உப்பிய கால்களைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு வரவில்லை, கும்பிடத்தான் தோன்றுகிறது.