காரணம் தெரிந்தும் கவனிக்கப்படாத சிறுநீரக நோய்

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்ட குடும்பத் தலைவர் ஒருவருக்கு உதவுமாறு கருணையுள்ளம் கொண்டோரிடம் கோரும் அறிவித்தல்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருவதை வாசகர்கள் அறிவர். வைத்தியரின் சான்றிதழ், வங்கிக் கணக்கிலக்கம், மங்கலான புகைப்படம் ஆகியவற்றுடன் எம்மை வந்தடையும் வேண்டுகோள்களை நாம் அனுதாபத்துடன் பிரசுரிக்கின்றோம். ஆனால், அந்தச் சிறுநீரகங்கள் ஏன் செயலிழந்தன என்ற கேள்வியை நாமோ வாசகர்களோ பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இலங்கையில் சிறுநீரக நோய் என்றதும் வடமத்திய மாகாண விவசாயிகளே நினைவுக்கு வருகின்றனர். 1990களில் அங்கு அடையாளம் காணப்பட்ட, காரணம் இன்னமும் திட்டவட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய் பல்லாயிரம் குடும்பங்களை நிர்க்கதியாக்கியது. அதற்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. குடிநீர்த் திட்டங்கள் முன்னெடுக்கப்பட்டன. சீன அரசின் உதவியுடன் பொலன்னறுவையில் நிர்மாணிக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021 ஜூன் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. இவையனைத்தும் அவசியமானவையே. எனினும், காரணம் தெரியாத நோய்க்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கேனும், காரணம் நன்கு தெரிந்த மற்றொரு சிறுநீரக நோய்க்குக் கிடைக்கவில்லை. நீரிழிவினால் ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பே அதுவாகும்.

2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. நகர்ப்புறங்களில் இது 16.4 வீதமாக இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் மூவரில் ஒருவர் அதனை அறியாமலேயே வாழ்ந்து வந்தார். 2018-2019இல் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு ஆய்வோ, வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்ற நிலையை நாடு அண்மித்துவிட்டதைக் காட்டியது. உலகளவில் நீரிழிவு நோயாளரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், தலைநகரில் உருவாகிவரும் அபாயத்தின் பரிமாணம் புலப்படும்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலேயே உள்ளது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தில் மிகுந்திருக்கும் சீனியும் உயர் குருதி அமுக்கமும் ஆண்டுக்கணக்கில் இவற்றைச் சிதைக்கின்றன. முதலில் அல்புமின் எனும் புரதம் சிறிதளவில் சிறுநீருடன் வெளியேறுகின்றது. நோயாளிக்கு வலியோ களைப்போ தெரிவதில்லை. கால் வீங்கி, பசியற்று, மூச்சு வாங்கும் நிலையில் அவர் வைத்தியசாலையை நாடும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி மீட்க முடியாதவாறு அழிந்துபோயிருக்கும்.

ஆனால், அந்த முதற்கட்டக் கசிவை ஓர் எளிய சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலான நீரிழிவு நோயாளர், நோய் கண்டறியப்பட்ட நாள் முதல் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் இதனைச் செய்துகொள்ள வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டலாகும். அந்நிலையில் குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தி, லொசார்டன் போன்ற மருந்துகளை வைத்தியரின் ஆலோசனைப்படி உட்கொண்டால் பாதிப்பைப் பல ஆண்டுகள் பின்தள்ள முடியும். 2001இல் வெளியான ஆய்வே இதனை நிரூபித்துவிட்டது. அண்மைக் காலத்தில் வேறு புதிய மருந்துகளும் வந்துள்ளன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலைமை எவ்வாறுள்ளது? காலி வீதியை அண்டிய தொடர்மாடிகளில், பிள்ளைகள் வெளிநாடுகளில் வாழ, முதியோர் தனித்திருக்கின்றனர். பணம் வருகின்றது, கூட்டிச் செல்ல ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உழைப்போருக்கு ஒரு நாள் கிளினிக் என்பது ஒரு நாள் சம்பள இழப்பாகும். பரிசோதனைக்கு முந்திய இரு தினங்கள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு, 'சீனி கட்டுப்பாட்டில் இருக்கின்றது' என்று திருப்தியடைவோர் இரு பகுதிகளிலும் உள்ளனர். மூன்று மாத காலச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனையை அவர்கள் ஏமாற்ற முடியாது. சிறுநீரகத்தையும் ஏமாற்ற முடியாது. வைத்தியரைக் கேளாமல் வலி நிவாரணிகளைத் தொடர்ந்து விழுங்கும் பழக்கமும் ஏற்கனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிவடையச் செய்கின்றது.

செயலிழந்த பின்னர் எஞ்சுவது இரத்தச் சுத்திகரிப்பும் மாற்றுச் சிறுநீரகமுமே. சுத்திகரிப்பு என்றால் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலங்கள். தொழிலும் குடும்ப வருமானமும் அதனோடு கரைந்துபோகின்றன. இலவச சுகாதார சேவை எமது பெருமைதான். ஆயினும், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கும் உபகரணங்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு, இயந்திரத்தில் தங்கிய உயிர்கள் எத்துணை பலவீனமான நூலில் தொங்குகின்றன என்பதை உணர்த்தியது.

எனவே, சுகாதார அமைச்சு செய்ய வேண்டியவை தெளிவானவை. நீரிழிவு கிளினிக் ஒவ்வொன்றிலும் சிறுநீர் அல்புமின் பரிசோதனை வருடந்தோறும் தவறாது இடம்பெற வேண்டும். 2011 முதல் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களுக்கு உழைக்கும் ஆண்கள் வருவது குறைவு. மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் அவற்றைத் திறப்பது பயனளிக்கும். மருந்து, உணவு பற்றிய அறிவுறுத்தல்கள் தமிழில் வழங்கப்படுதல் சலுகையன்று. அது அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட உரிமை. விளங்காத அறிவுறுத்தல் கொடுக்கப்படாத மருந்துக்குச் சமமாகும்.

2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலன் குறித்துத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியுள்ளது. தீர்மானங்கள் ஜெனீவாவில் நிறைவேறலாம். பரிசோதனைகள் கொட்டாஞ்சேனையில் நடைபெற வேண்டும். ஆலயங்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியன ஆண்டுக்கொரு தினத்தை இதற்கென ஒதுக்க முன்வருதல் வேண்டும். செயலிழந்த சிறுநீரகத்துக்காகக் கையேந்தும் அறிவித்தலைப் பிரசுரிப்பதிலும் பார்க்க, அத்தகைய அறிவித்தலுக்கு அவசியமில்லாத ஒரு நாளைக் காண்பதையே நாம் விரும்புகின்றோம்.