வயிற்றெரிச்சல்

வயிறு எரிந்து சொல்கிறேன், கேளுங்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. நாக்கில் தொடங்கி, தொண்டை வழியாக இரைப்பைவரை.

நான் பனி வாத்து. வெள்ளை உடம்பு, கறுத்த இறகுநுனி. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்து, குளிர் வந்ததும் கலிபோர்னியா வயல்களுக்குப் பறக்கும் இனம். வழியில் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: இரவு தங்க ஒரு நீர்நிலை. கரையில் நரி இருக்கும். நடுநீரில்தான் பயமில்லாமல் கண் மூடலாம். என் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. என் குஞ்சுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அந்தப் பாடத்தில்தான் நீங்கள் விஷம் கலந்துவிட்டீர்கள்.

2016 நவம்பர் 28. அந்த வருஷம் குளிர் தாமதித்தது. நாங்களும் தாமதமாகத்தான் கிளம்பினோம். மொன்டானா மலைகளுக்கு மேல் வரும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கீழே குளம் குட்டையெல்லாம் உறைந்து கிடக்க, பியூட் நகரத்து ஓரமாக ஒன்று மட்டும் உறையாமல் கறுத்துத் தெரிந்தது. பெர்க்லி குழி. பெயரிலேயே குழி என்று இருக்கிறதே என்பீர்கள். பெயர்ப் பலகை படித்தா நாங்கள் இறங்குகிறோம்?

ஆயிரக்கணக்கில் இறங்கினோம். தாகம் தீரக் குடித்தோம். பிறகு வழக்கம்போல் அலகால் இறகு கோதினோம். ஒவ்வொரு கோதலுக்கும் ஒரு சொட்டு உள்ளே போனது. விடிந்து பார்த்தால் நீர் செம்பழுப்பு. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சேற்றில் அலகை விட்டு வேரும் கிழங்கும் தோண்டித் தின்கிறவர்கள் நாங்கள். இரும்புக் கறை படியாத முகம் எங்களில் யாருக்கு இருக்கிறது?

செம்புக்காக 1955இல் தோண்ட ஆரம்பித்தீர்கள். மீடர்வில் முதலான உங்கள் சொந்தக் குடியிருப்புகளையே அந்தக் குழி விழுங்கியது. 1982இல், ஊறும் நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளை நிறுத்தினீர்கள். ஊருக்கு அடியில் ஓடும் பழைய சுரங்கங்களில் நீர் ஏறி, குழியிலும் நிறைந்தது. கந்தகப் பாறையைக் காற்றும் நீரும் சேர்ந்து தொட்டால் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் செம்பையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் கரைத்து வைத்துக்கொள்ளும். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். நான் பழிக்கவில்லை. அது தண்ணீரே இல்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1995 நவம்பரிலேயே எங்களில் 342 பேர் அங்கே செத்து மிதந்தார்கள். பொறுப்பேற்க வேண்டியவர்கள் அப்போது என்ன சொன்னார்கள்? பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்றிருக்கும் என்றார்கள்! அறுத்துப் பார்த்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்து புண்ணாகிக் கிடந்தன. செத்தவர்கள் தலையிலேயே பழியைப் போடப் பார்த்தீர்களே, அது அடுக்குமா?

அதன்பின் காவல் போட்டீர்கள். துப்பாக்கி வெடித்தும் ஒலி எழுப்பியும் விரட்டினீர்கள். அதில் பல பறவைகள் பிழைத்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புயலடிக்கிற ராத்திரியில், சுற்றுவட்டாரமெல்லாம் உறைந்து கிடக்கும்போது, போ போ என்றால் எங்கே போவோம்? இதற்கு நடுவில் அந்தக் குழியை மேடை கட்டி, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டுகிறீர்கள். உங்களுக்குப் பார்வைச் சீட்டு; எங்களுக்குச் சாவுச் சீட்டு.

2016இல் எங்களில் 3,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எழும்பியவர்களிலும் சிலர் ஊரைத் தாண்டவில்லை. என் துணை ஒரு கடை வாசலில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் விழுந்தான். எங்களுக்குத் துணை என்றால் ஆயுசுக்கும் ஒன்றுதான். குஞ்சுகள் குழியிலேயே தங்கிவிட்டன. சாம்பல் நிறம்கூட இன்னும் மாறவில்லை. அவற்றுக்கு அதுதான் முதல் பயணம். நடுநீர்தான் பத்திரம் என்று கூட்டிப்போய் இறக்கியவள் நான்.

மறுவருஷம் அதே வழியில் பறந்தோம். கீழே ஏதோ ஒரு நீர் மினுங்கியது. பக்கத்தில் வந்த ஒரு சாம்பல் குஞ்சு, "இறங்கலாமா?" என்று கேட்டது.

என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.