சிரிப்பு தவிலுக்கு, அடி பெண்ணுக்கா?

ஏதாவது ஒரு சேனலில் 'கரகாட்டக்காரன்' காமெடி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 1989-ல் வந்த படம். இன்றைக்கு எங்க வீட்டுப் பேரப் பிள்ளைகள் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். நானும் சிரிக்காமல் இல்லை. அதிலும் நான் சிறுமலைக்காரி. வாழைப்பழக் காமெடியில் எங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்! புவிசார் குறியீடு வாங்கிய பழமாயிற்றே எங்க பழம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் என்று கவுண்டமணி செந்திலை அனுப்புவார். இப்போது ஒரு ரூபாய்க்குத் தோல்கூடக் கிடைக்காது.

அந்தப் படத்தில் கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாயனக்காரர். மேளக்காரர்களை வைத்து வந்த சிரிப்புப் படங்களில் இந்த அளவுக்குப் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தது வேறு இல்லை என்றே நினைக்கிறேன். வாழைப்பழத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுத மாட்டேன். என்னை உறுத்துவது அந்தக் கார் காமெடி.

பழைய காரை எல்லோரும் தள்ளிக்கொண்டு போவார்கள். அது சொப்பனசுந்தரி என்பவள் வைத்திருந்த கார் என்று பேச்சு வரும். காரை நாம் வைத்திருக்கிறோம், அவளை யார் வைத்திருக்கிறார்கள் என்று செந்தில் சந்தேகம் கேட்பார். கவுண்டமணிக்குக் கோபம் வந்து அடி விழும். சகோதரிகளே, ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அவருடைய கோபமெல்லாம் அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஏன் கேட்டான் என்பதுதான். அந்தப் பெண்ணைப் பற்றி அப்படிக் கேட்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சொப்பனசுந்தரி படத்தில் வருவதே இல்லை. வெறும் பெயர்தான். வந்து நின்று பதில் சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

நிஜ நையாண்டி மேளம் இப்படி இருக்காது. எங்க பக்கம் கரகாட்டம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் எல்லாம் சேர்ந்து வரும். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் காளை முக்காரம் போடுகிற மாதிரி இருக்கும். பெயரிலேயே நையாண்டி இருக்கிறது, கேலி இல்லாமல் எப்படி? தவில்காரர் ஒன்று சொல்வார். தலையில் கரகம் அசையாமல் ஆடிக்கொண்டே அந்த அம்மா திருப்பிக் கொடுப்பார். "மாமா, உமக்கு முன்னால வர்றது தவிலா தொப்பையா?" என்று ஒருவர் கேட்டு, பந்தலே குலுங்கச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். நடுராத்திரிக்கு மேல் பேச்சு பச்சையாகப் போகும் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் அடித்த அடிக்குப் பதிலடி உண்டு. இரண்டு பேரும் ஆட்டக்காரர்கள், இரண்டு பேருக்கும் சம்பளம், இரண்டு பேருக்கும் வாய்.

சினிமா அந்தக் கேலியை எடுத்துக்கொண்டது, பதில் சொல்கிற பெண்ணின் வாயை மட்டும் விட்டுவிட்டது.

இதனால் என்ன குடி முழுகிப் போச்சு என்று எங்க வீட்டுக்காரர் கேட்கிறார். எங்க தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம். அவர் உறுமி வாசிப்பார், அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்பு கரகம் எடுத்தவர். மகள் எட்டாவது படிக்கிறாள். அம்மா என்ன செய்தவர் என்பது எப்படியோ வகுப்பில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பையன்கள் அவளைச் 'சொப்பனசுந்தரி' என்றுதான் கூப்பிட்டார்கள். போதாததற்கு அந்தக் கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து! மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்தாள். நான்காம் நாள் போனவள், அப்பா தொழில் என்ன என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதைத்தான் அவர் தாங்க முடியாமல் சொல்லிச் சொல்லி அழுதார். கேலி செய்த பையன்களின் அம்மாக்களிடம் சொன்னால், "சினிமா வசனம்தானே அக்கா" என்கிறார்கள்.

இந்தப் பிரச்சினை இல்லாமலும் சிரிக்க வைக்க முடியும். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்களேன். தவில் வித்வான் முத்துராக்காக டி.எஸ்.பாலையா. ரயில் பெட்டியில் சிவாஜியும் பத்மினியும் கண்ணாலேயே பேசிக்கொள்ள, நடுவில் அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. வித்வானின் கௌரவத்துக்கு ஒரு குறையும் வராமல் சிரிக்க வைப்பார். அதே படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி நாடகக்காரி. கேலியும் அவளுடையது, பதிலும் அவளுடையது. அவளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது.

இன்னொரு ஆசையும் உண்டு. எங்க திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று இருக்கிறது. சிஸ்டர் சந்திரா தொடங்கியது. சாவுக்கு அடிக்கிற மேளம் என்று ஊர் ஒதுக்கி வைத்த பறையைப் பெண் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு, அடித்துக்கொண்டே ஆடுவார்கள். ஜோயி ஷெரினியன் என்கிற அமெரிக்க இசை ஆய்வாளர் இவர்களைப் பற்றி ஆவணப் படமே எடுத்திருக்கிறார். 2025-ல் மதுரைப் பக்கத்து அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், மேளம் அடிக்கிற பெண்ணைக் கதாநாயகியாகப் போட்டு, அவள் வாயாலேயே நம்மைச் சிரிக்க வைக்கிற காமெடிப் படம் ஒன்று வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சினிமாக்காரர்கள் வீட்டிலும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற சகோதரிகள் இருப்பீர்கள். கொஞ்சம் காதில் போட்டு வையுங்கள்.

எங்க ஊர்த் திருவிழாவுக்கு இந்த வருஷம் கேரளா செண்டை வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வரி கொடுப்பது நாங்களும்தானே? மகளிர் குழுவில் பேசி, நையாண்டி மேளம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். கரகம் ஆட வருகிறவர்களைப் பார்த்து அந்தக் கார் வசனத்தைக் கத்துகிற பையன் யாராக இருந்தாலும், அவன் அம்மா பெயரை மைக்கில் கூப்பிடுவது என்றும் முடிவு. முன் வரிசையில் பாய் விரித்து உட்காரப் போவது நாங்கள்தான். உறுமிக்காரர் மகளுக்கும் அங்கே இடம் போட்டு வைத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, சிறுமலை அடிவாரம், திண்டுக்கல்.