"கண்டென்சேஷன்" என்று எழுதியும் மதிப்பெண் குறைந்தது ஏன்? தொடக்கநிலை அறிவியல் – பெற்றோருக்கு ஒரு விளக்கம்

மேசையில் ஒரு குவளை ஐஸ் மைலோ. குவளைக்கு வெளியே நீர்த்துளிகள். "அது எங்கேருந்து வந்துச்சு?" என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

"ஐஸ் உருகி வெளியே வந்துடுச்சு" என்றால் தவறு. "கண்டென்சேஷன்" என்றால் சரி. ஆனால் தேர்வுத்தாளில் காரணத்தை விளக்கச் சொன்னால் அந்த ஒரு சொல் மட்டும் போதாது.

எப்போது தொடங்குகிறது?

சிங்கப்பூரில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல் ஆரம்பமாகிறது. பல்வகைமை, சுழற்சி, அமைப்பு, இடைவினை, ஆற்றல் என 5 கருப்பொருள்கள். நான்காம் ஆண்டில் பிஎஸ்எல்இ தேர்வு.

இப்போதைய பாடத்திட்டம் 2023இல் தொடக்கநிலை 3 மாணவர்களிடமிருந்து தொடங்கியது. அந்தப் பிரிவினர் பிஎஸ்எல்இ எழுதும் ஆண்டு 2026.

நன்றாகத்தானே செய்கிறோம்?

உண்மைதான். டிம்ஸ் 2023 அனைத்துலக ஆய்வில் நம் தொடக்கநிலை 4 மாணவர்கள் அறிவியலில் 607 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றனர்.

ஆனாலும் பல வீடுகளில் அறிவியல் என்றால் பயிற்சிப் புத்தகம், துணைப்பாட வகுப்பு, மஞ்சள் வண்ணமிட்ட முக்கியச் சொற்கள்.

மனப்பாடம் செய்தால் என்ன தவறு?

முக்கியச் சொற்கள் தேவைதான். மைலோ கேள்விக்கான முழு விடையைப் பாருங்கள்: சுற்றியுள்ள காற்றில் இருக்கும் நீராவி, குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் படுகிறது, வெப்பத்தை இழக்கிறது, நீர்த்துளியாக மாறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே? கேள்வி மாறும்போது. சோற்றுப் பானையின் மூடியில் நீர்த்துளிகள் எங்கே இருக்கும்? உட்புறத்தில். நீராவி பானைக்குள்ளிருந்து வருகிறது. "வெளிப்புறம்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கேயும் அதையே எழுதிவிடும். நீராவி எங்கே இருக்கிறது, எது குளிர்ச்சியாக இருக்கிறது என்று யோசித்த பிள்ளை தடுமாறாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லை.

• ஐஸ் தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து குவளையை மூடிவையுங்கள். வெளியே வரும் துளிகளுக்கு நிறம் இருக்காது. அப்படியானால் தண்ணீர் உள்ளிருந்து கசியவில்லை.

• அதே குவளையைச் சமையலறைத் தராசில் வைத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எடை கொஞ்சம் கூடியிருக்கும். கூடிய எடை எங்கிருந்து வந்தது? பிள்ளையே சொல்லட்டும்.

• வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? இலையைத் தின்னும் புழுவை உடனே தூக்கி எறிய வேண்டாம். அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என 4 பருவங்கள். கரப்பான்பூச்சிக்கு 3தான், கூட்டுப்புழுப் பருவம் இல்லை. நேரில் பார்த்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

தமிழில் பேசினால் குழப்பமா?

பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். அதனால் வீட்டிலும் அறிவியலை ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமோ என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தாத்தா, பாட்டி ஒதுங்கியே நிற்கிறார்கள்.

தயக்கம் தேவையில்லை. "எது சூடு, எது குளிர்ச்சி, வெப்பம் எங்கேருந்து எங்கே போகுது?" – இந்த வரிசை எந்த மொழியிலும் ஒன்றுதான். தமிழில் புரிந்த பிறகு, "சரி, இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவே?" என்று கேளுங்கள். பானை மூடியைப் பற்றிச் சொல்லப் பாட்டியைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்?

அடுத்த முறை தேர்வுத்தாள் வீட்டுக்கு வரும்போது, எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பதற்குமுன் தவறான ஒரு விடையைக் காட்டி, "ஏன் அப்படி நெனச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை எந்தப் படியில் சறுக்கியது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.