அவர்களுக்கும் கழிவு, நமக்கும் கழிவு



கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களில் அவிசாவளைப் பக்கத்துப் பிள்ளைகள் லீவு கிடைத்தால் களனிவெளி ரயிலில்தான் ஊருக்குப் போகிறார்கள். மருதானையைத் தாண்டிச் சற்று நேரத்தில், பொரளையில், வீடும் கடையும் மறைந்து பாதை ஓரமெல்லாம் பச்சைப் புல் விரிகிறது. றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடல் அது. வெள்ளைக்காரர் 1879இல் தொடங்கிய கழகம். முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைக்கு வந்தார்கள். 1889இல் நுவரெலியாவிலும் ஒரு கழகம் தொடங்கினார்கள். ஊடே ஓடும் களனிவெளிப் பாதையும் தோட்டத்துரைமாரின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதைதான்.

கோல்ப் ஆடுகிறவர்கள் எல்லோரும் பெரிய வீரர்கள் இல்லை. கம்பனிகளிலும் வங்கிகளிலும் இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டாளிகளாகச் சேர்ந்து, வார இறுதியில் நாலு நாலு பேராகப் பிரிந்து ஆடுவார்கள். பை சுமக்க ஆள் இருக்கும். ஆட்டம் முடிந்தால் சாப்பாடு, சிரிப்பு, வீடு. ஆடட்டும். ஓய்வு மனிதனுக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தது தொழிற்சங்கம். அதில் நமக்குப் பொறாமை இல்லை.

ஆனால் அந்த ஆட்டத்தின் விதிகளைப் படித்த பிறகு நம்மால் பேசாமல் இருக்க முடியவில்லை.

கோல்பில் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 அடி வரும். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் 95 அடிப்பார், 100 அடிப்பார். அவரை யாரும் திட்டுவதில்லை. அவருடைய பலவீனத்தைக் கணக்கிட்டு, அடித்த அடியில் இத்தனையைக் கழித்துவிடுகிறார்கள். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறையாக்கி, 54 வரை இந்தக் கழிவுக்கு இடம் வைத்தார்கள். கடினமான திடலில் ஆடினால் கழிவு கூடும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து விழுந்தால், தண்டனை இல்லாமல் எடுத்துக் காய்ந்த இடத்தில் வைக்கலாம். போட்டி என்றால் ஒருவருடைய கணக்கை இன்னொருவர் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வாருங்கள்.

நமக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் நோம். பல தோட்டங்களில் 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோ. அந்தக் கிலோ வராவிட்டால் அரைப்பேர். காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுவதும் நிரையில் நின்ற பெண்ணுக்கு அரை நாள்தான் வேலை செய்ததாகச் செக்ரோலில் விழுகிறது. வரட்சியில் கொழுந்து இல்லை என்றாலும் அரைப்பேர். தேயிலை கிழடு, மலை செங்குத்து, புல் இடுப்பளவு என்றாலும் அரைப்பேர்.

நமக்கும் கழிவு உண்டு. கொழுந்து நனைந்திருந்தால் தண்ணிக்குக் கழிவு. சாக்குக்குக் கழிவு. அவர்களுடைய கழிவு ஆடுகிறவரைத் தூக்கிவிடுகிறது. நம்முடைய கழிவு பறித்தவளின் கிலோவைத் தின்கிறது. அங்கே மழை பெய்தால் சலுகை, இங்கே மழை பெய்தால் வெட்டு. தராசின் எண்ணைப் பறித்தவள் பார்க்க முடியாத இடங்களும் உண்டு. அவளுடைய கையெழுத்தை யார் கேட்கிறார்கள்?

விளையாட்டு வேறு, வியாபாரம் வேறு என்பார்கள். நாம் வியாபாரத்தையே பேசுவோம். கென்யாவில் ஒரு ஆள் பறிக்கிற அளவுக்கு இங்கே பறிப்பதில்லை என்பது கம்பனிகளின் பழைய பாட்டு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அன்று முதல் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் பொறுப்பு யாருடையது? புல் வெட்டுவதும் உரம் போடுவதும் யாருடைய வேலை? 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது விளைச்சல் விழுந்தது. அதற்காக எந்த மலையில் நோம் தானாக இறங்கியது? திடல் மோசமானால் ஆடுகிறவருக்குக் கழிவு கூட்டத் தெரிந்த உலகத்துக்கு, மலை மோசமானால் நோமைக் குறைக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசி நோமை விட்டுவிட்டால் நாம் ஏமாந்து போவோம். 2015இல் எழுந்த 1000 ரூபாய்க் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. ஒவ்வொரு முறையும் கடுதாசியில் தொகை ஏறுகிறது. மலையில் கிலோவும் ஏறுகிறது. அப்போது 1350 என்று எழுதிவிட்டு அரைப்பேர் போட்டால் கையில் வந்தது 675. சம்பளச் சண்டையில் பாதி தராசடியில் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் பிள்ளைகள் சாதாரணதரம் எழுதியதும் பள்ளிக்கூடத்தை விட்டு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பஸ் ஏறுவது ஏன் என்று பள்ளிக்கூடக் கூட்டங்களில் எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவின் செக்ரோலில் மாதம் எத்தனை அரைப்பேர் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, நோம் மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம், தொழிலாளர் பிரதிநிதியோடு பேசித் தீர்மானிக்கப்பட வேண்டும். இரண்டு, சாக்கை நிறுத்துப் பார்த்து அதன் உண்மையான எடையை மட்டும் கழிக்க வேண்டும். தண்ணிக் கழிவு கணக்கப்பிள்ளையின் வாய்க்கு வந்தபடி இருக்கக் கூடாது. மூன்று, ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு வேண்டும். அதில் நிறுத்தவரும் பறித்தவரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். கொழும்பிலிருக்கும் பிள்ளைகளே, இந்த வேலை உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் எடுக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள்: இந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, கழிவு எத்தனை, முழுப்பேரா அரைப்பேரா? கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். ஐம்பது வீட்டுக் கொப்பிகள் மேசையில் இருந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனிக்காரர் தம் கணக்கை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

பொழுதுபோக்குக்கு அடிக்கிற பந்துக்கே இரண்டு கையெழுத்து வேண்டும் என்றால், வயிற்றுக்குப் பறிக்கிற கொழுந்துக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும்.