மூன்று உயிர் இருந்தால் பயம் போய்விடுமா?

"வீடியோ கேம் மாதிரி இருக்கு." சண்டைக் காட்சி ஒட்டாமல் போனாலோ கிராஃபிக்ஸ் பல்லிளித்தாலோ தியேட்டர் வாசலில் வந்து விழும் வசை இது. அதற்குப் பின்னால் ஒரு முழு நம்பிக்கையே இருக்கிறது. விளையாட்டிலிருந்தும் மெய்நிகர் உலகத்திலிருந்தும் பிறக்கும் அறிவியல் புனைவுப் படங்கள் வெறும் கம்ப்யூட்டர் வித்தை. நிஜ உலகத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லாம் 'தி மேட்ரிக்ஸ்' போட்ட பாதை. செத்தாலும் மறுபடி எழலாம் என்பதால் பார்ப்பவருக்குப் பதைப்பும் இல்லை. இந்த நான்குமே தவறு.

ஏன் என்று பார்க்கும் முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். 1993-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' போன்றவை, நன்றாக விற்ற ஒரு விளையாட்டின் பெயரையும் பாத்திரங்களையும் எடுத்துத் திரையில் ஒட்டிய படங்கள். அவற்றில் பல சொதப்பின என்பதை மறுக்க முடியாது. விளையாட்டின் விதி, உயிர், மறுதொடக்கம் ஆகியவற்றையே கதையாக்கிய படங்கள் வேறு வகை. அந்தப் படங்கள் செய்த தப்புக்கு இந்தப் படங்களைத் தண்டிப்பது நியாயமில்லை.

கம்ப்யூட்டர் வித்தை என்ற குற்றச்சாட்டு முதன்முதலில் விழுந்தது 1982-இல் வந்த 'ட்ரான்' மீது. 'பாங்' விளையாட்டைப் பார்த்து மயங்கிய ஸ்டீவன் லிஸ்பெர்கர், டிஸ்னிக்காக இயக்கிய படம் அது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் அந்தப் படத்தில் முழுக்கக் கம்ப்யூட்டர் வரைந்த பகுதி 15 முதல் 20 நிமிடம்தான். மற்றதெல்லாம் கைவேலை. நடிகர்களைக் கறுப்பு அரங்குகளில் கறுப்பு-வெள்ளையில் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிய ஃபிலிம் தாளாகப் பெரிதாக்கினார்கள். எந்தக் கோடு ஒளிர வேண்டுமோ அதை விட்டு மற்றதை மறைத்து, பின்னாலிருந்து விளக்குப் போட்டு, வண்ணக் கண்ணாடி வழியே மீண்டும் படம் எடுத்தார்கள். உடையில் ஓடும் அந்த நீல ஒளி, தாள் தாளாக உட்கார்ந்து செய்த உழைப்பு. கம்ப்யூட்டர் பகுதியிலும், பொருள் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஃபிரேம் ஃபிரேமாக எண்களைத் தட்டியாக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதை ஏமாற்று வேலையாகக் கருதியே ஆஸ்கர் அகாடமி தங்களை விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் பரிந்துரைக்கவில்லை என்று லிஸ்பெர்கர் பின்னாளில் சொன்னார். அதே படத்தில் வேலை பார்த்த கென் பெர்லின், கம்ப்யூட்டர் படங்களின் இயந்திரத்தனமான வழவழப்பு பிடிக்காமல் உருவாக்கிய 'பெர்லின் நாய்ஸ்' என்ற கணித முறை இன்று திரையில் புகையாகவும் மேகமாகவும் பளிங்காகவும் வருகிறது. அதற்கு 1997-இல் அகாடமியே தொழில்நுட்ப விருது கொடுத்தது.

நிஜ உலகத்தைத் தொடுவதில்லை என்பவர்களுக்கு 1983-ஆம் ஆண்டின் 'வார்கேம்ஸ்' போதும். புதிய விளையாட்டுகளைத் திருட்டுத்தனமாக ஆடிப் பார்க்க, ஒரு பள்ளி மாணவன் மோடம் வழியாக எண் எண்ணாகத் தொலைபேசி போட்டுத் தேடுகிறான். போய் மாட்டுவது அமெரிக்க ராணுவத்தின் அணு ஆயுதக் கம்ப்யூட்டரில். விளையாட்டு என்று நினைத்து அவன் தொடங்கி வைக்கும் போரை அந்த இயந்திரம் நிஜமாகவே நடத்தப் பார்க்கிறது. அந்த ஆண்டு ஜூன் 4 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் கேம்ப் டேவிட் ஓய்விடத்தில் இதைப் பார்த்தார். சில நாள் கழித்து நடந்த கூட்டத்தில் கதையை விவரித்து, இப்படி நடக்க வாய்ப்புண்டா என்று முப்படைத் தலைமைத் தளபதி ஜான் வெஸ்ஸியிடம் கேட்டார். விசாரித்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்த வெஸ்ஸி, நிலைமை நாம் நினைப்பதைவிட மோசம் என்றார். 1984 செப்டம்பரில் அரசுக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு குறித்து அதிபர் உத்தரவு ஒன்று வெளியானது. எத்தனை யதார்த்தப் படங்களுக்கு இப்படி ஒரு விளைவு வாய்த்திருக்கிறது?

'தி மேட்ரிக்ஸ்' போட்ட பாதை என்ற பேச்சு ஆண்டுக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. டேனியல் கலூயே 1964-இல் எழுதிய நாவலை, ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1973-இலேயே 'வேர்ல்ட் ஆன் எ வயர்' என்று தொலைக்காட்சிக்காக இரண்டு பாகங்களில் எடுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான செயற்கை மனிதர்கள். தாங்கள் செயற்கை என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த உலகத்தைத் தன் வியாபாரக் கணிப்புக்குப் பயன்படுத்தத் துடிக்கிறது ஓர் எஃகு நிறுவனம். பறக்கும் உதைகள் இல்லை, பச்சை எழுத்து மழை இல்லை. கண்ணாடிகள் மட்டும் எங்கும் இருக்கின்றன. பேசுகிறவரையும் அவர் பிம்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மிச்சமிருப்பது மரணம். நான்கில் வலுவான வாதம் இதுதான்: மறுபடி ஆடலாம் என்றால் எதற்குப் பயப்பட வேண்டும்?

'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) படத்தின் பண்ணை வீட்டுக் காட்சியைப் பார்க்கலாம். டாம் குரூஸின் பாத்திரம், செத்துச் செத்து அதே நாளை மீண்டும் வாழ்பவன். எமிலி பிளண்டின் பாத்திரத்துக்குக் காபி கலக்கும்போது எத்தனை சர்க்கரை என்று கேட்பதில்லை, மூன்று போடுகிறான். அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிகிறது, இந்த வீட்டுக்கு அவன் இதற்கு முன் பலமுறை வந்திருக்கிறான் என்று. என்ன செய்தாலும் அவள் இந்த வீட்டைத் தாண்டிப் பிழைப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அவன் நேற்றுப் பார்த்த ஆள். அவனுக்கோ அவளுடைய சாவுகள் எண்ணி மாளாதவை. மறுதொடக்கம் துக்கத்தைக் குறைக்கவில்லை, ஒருவன் தலையில் மொத்தமாகக் குவித்துவிட்டது.

அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) இன்னும் நெருக்கமாக வருகிறது. கறாராகப் பார்த்தால் அது அறிவியல் புனைவு இல்லை, அமானுஷ்யம் கலந்த த்ரில்லர். ஆனால் அதன் எலும்புக்கூடு முழுக்க விளையாட்டுதான். டாப்ஸி நடித்த ஸ்வப்னா, கேம் வடிவமைப்பாளர். பாலியல் வன்கொடுமையிலிருந்து மீள முடியாதவர், இருட்டைக் கண்டால் உடல் உதறுபவர். கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் அஸ்தி கலந்த மையில் குத்திய பச்சை அவர் மணிக்கட்டில் இருக்கிறது. கொலைகாரர்கள் வீட்டுக்குள் நுழையும் இரவில், அந்தப் பச்சையிலுள்ள இதயங்கள்தான் அவருடைய உயிர்க் கணக்கு. ஒருமுறை சாகும்போது ஒன்று அழிகிறது. வாழவே விருப்பமற்று உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்திருந்த அதே பெண், கால்கள் உடைந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி, கடைசி இதயம் மட்டும் மிச்சமிருக்கும்போது, முந்தைய இரண்டு சாவுகளிலும் கண்டதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு இருட்டில் சக்கரத்தை உருட்டத் தொடங்குகிறார்.